பெரியம்மாவின் இரண்டு விரல்கள்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாந்தோமில் கன்னிகாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியது சலவைக்குப் போட்ட துணிக் கணக்கும், பண்டிகைக்கு உறவுக்காரர்களுக்குப் போடுகிற கார்டும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஆனால் சிங்கப்பூரில் ஒரு பெண்ணின் பிழைப்பு என் கண் முன்னால் போயிற்று. அதைப் போக்கடித்தவள் எனக்குச் சோறு போட்டு வளர்த்த என் பெரியம்மா. பக்கத்தில் நின்றவள் நான். அதை எழுதவேண்டுமானால் பெரியம்மா எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லவேண்டும். அவள் பெயர் வேண்டாம். இறந்தவளுடைய பெயரை இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியம்மாவுக்கு வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் நகம் கொஞ்சம் நீளமாக இருக்கும். மற்ற எட்டையும் சனிக்கிழமை தோறும் ஒட்ட வெட்டிவிடுவாள். எதைப் பார்த்தாலும் அந்த இரண்டு விரலும் முதலில் போகும். கிள்ளுவாள், சுரண்டுவாள், அமுக்குவாள், இழுப்பாள். "நெசமான்னு பாக்கணும்டி" என்பாள். கண்ணால் பார்ப்பதை அவள் பார்ப்பதாகவே எண்ணியதில்லை. யாராவது ஒன்றைச் சொன்னால், அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை அதன் மேல் இருக்கும்.

பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவளின் கழுத்துச் சங்கிலியை எடுத்துத் திருப்பி, கொக்கிக்குப் பக்கத்தில் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பாள். பேச்சை நிறுத்தவும் மாட்டாள். "உங்க மாமனாருக்கு இப்ப ஒடம்பு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே கீறுவாள். எங்கள் கோயிலுக்குப் புதிதாகச் சிறகு விரித்த ஒரு சம்மனசு சொரூபம் வந்தது. முழுக்கத் தேக்கு என்று சொன்னார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெரியம்மா முட்டி போட்டு வணங்குகிறவள் போலக் குனிந்து, சம்மனசின் குதிகாலில் இருந்த வர்ணத்தைச் சுரண்டிவிட்டாள். "மரம்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனால் எனக்கு உயிர் போகும். மணலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் மீன்காரிகள் தூரத்தில் வரும்போதே அவளைக் கண்டுகொள்வார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்கிறதுதான். பெரியம்மா அதோடு விடமாட்டாள். மீன் கண்ணில் விரலை வைத்து அழுத்துவாள். வாயைப் பிளந்து உள்ளே விரலை விட்டு மோந்து பார்ப்பாள். பத்து மீனுக்கு அப்படிச் செய்தபிறகு ஒன்றை வாங்குவாள்.

"இன்னா ஆயா, மீன் வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"செத்த மீனுதானே, உனக்கு இன்னா வந்துச்சு?"

"செத்ததுக்கு இல்லாட்டி போவுது. பாத்துக்கினு கீற எனக்கு நோவுது. எடு கைய!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அவளுக்கு ரோஷமே வராது. கையை மட்டும் எடுக்கவில்லை. நான் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். வீட்டுக்கு வந்து அந்த மீனை நான்தான் அலச வேண்டும். ஒரு கண் உள்ளே போயிருக்கும்.

செத்தவர்களையும் அவள் நம்பியதில்லை. அடையாறில் எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு வாத்தியார் இறந்துபோனார். உடம்பைக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா போனாள். மாலையைக் கால்மாட்டில் வைத்தாள். வைத்த கையோடு போர்வைக்குள் விரலை விட்டு அவர் கால் பெருவிரலைக் கிள்ளினாள். அவருடைய சம்சாரம் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்திவிட்டாள். செபமும் பாதியில் நின்றது. பெரியம்மா அந்த அம்மாவின் தோளைத் தட்டி, "போயிட்டாரும்மா. நெசமாவே போயிட்டாரு" என்றாள், ஆறுதல் மாதிரி. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அவளை ஏன் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, குண்டு விழும் என்று பாதிப் பட்டணம் காலியாகிக் கிடந்த சமயம், பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிரசவமானது. குழந்தை நீலமாக இருந்தது. மருத்துவச்சி தலையை ஆட்டிவிட்டு அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டாள். பெரியம்மா துணியைப் பிரித்தாள். உள்ளங்காலில் கிள்ளினாள். தொடையில் கிள்ளினாள். மருத்துவச்சி, "பாவம், செத்ததைப் போட்டு இன்னாத்துக்கு வதைக்கிறீங்க?" என்று கத்தினாள். பெரியம்மா நிறுத்தவில்லை. அந்தக் குழந்தை வீறிட்டது. அது பிறகு எங்கள் வீட்டு வாசலில் ஓடி விளையாடியது. தொடையில் பிறை மாதிரி ஒரு சின்ன நகத் தழும்பு இருந்தது. அதை அதன் தாய் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுவாள். நானும் அன்றைக்குப் பெரியம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டேன். இதை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

அந்தக் குழந்தைக்குப் பிறகு அவள் கைக்கு மதிப்பு ஏறிப்போயிற்று. மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்துக் குடும்பங்களில் பையனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பெரியம்மாவையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். "நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா எங்களுக்கு நிம்மதி" என்பார்கள். பெரியம்மா போகிற இடத்துக்கெல்லாம் நானும் போவேன். கையில் ஒரு பை. அதில் ஈரத் துண்டு ஒன்றைப் பிழிந்து, மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருப்பேன்.

தியாகராய நகரில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெரு ஒன்று. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பெரியம்மா முதலில் அவளை நடக்கச் சொன்னாள். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, கன்னத்தைத் தடவுகிறவள் போலப் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். சவுரி இல்லை. "வாயைத் தொற கண்ணு" என்றாள். அந்தப் பெண் தன் தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள். பெண் வாயைத் திறந்தாள். பெரியம்மா பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் எச்சிலைத் தன் கைக்குட்டையில் துடைத்தாள். எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதைக் கொண்டு பெண்ணின் முகத்தைத் துடைத்தாள். பவுடர் போயிற்று. இடது காதுக்குக் கீழே வெள்ளையாக ஒரு அரையணா அகலத் திட்டு தெரிந்தது.

"அது தேமல்மா" என்று தாய் ஓடிவந்தாள். "டாக்டர் மருந்து கொடுத்திருக்கார். எட்டு நாள்ல போயிடும்."

"போனதும் சொல்லியனுப்புங்க, வந்து பாக்கறோம்" என்றாள் பெரியம்மா. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிக்கிற அளவுக்கு வந்திருந்த சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. நாங்கள் வெளியே வரும்போது அந்தப் பெண் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த என்னைத்தான் பார்த்தாள். வாந்தி எடுத்தவர்களைத் தள்ளி நின்று பார்ப்பார்களே, அப்படி. அதற்குப் பிறகும் நாலைந்து வீடுகளுக்கு நான் துண்டு பிழிந்துகொண்டு போயிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மா இல்லாதவளை வைத்துக் காப்பாற்றுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

பெரியம்மாவின் ஒரே மகன் சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருந்தார். எனக்கு அண்ணன் முறை. யுத்தத்துக்கு முன்னால் போனவர், ஜப்பான்காரன் காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு கடிதம் இல்லை. யுத்தம் முடிந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. நன்றாக இருப்பதாக எழுதினார். போட்டோ அனுப்பினார். "காகிதத்துல எவன் வேணா எழுதலாம்" என்று சொல்லிப் பெரியம்மா கப்பல் ஏறினாள். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. சாமான் பார்த்துக்கொள்ள, தலை பின்னிவிட நானும் கூடப் போனேன். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வாரம் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

துறைமுகத்தில் அண்ணன் நின்றிருந்தார். எலும்பாக இருந்தார். "அம்மா" என்று சொல்லிக் கட்டிக்கொள்ள வந்தார். பெரியம்மா அவர் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு தாடையைப் பிடித்து, "வாயத் தொறடா" என்றாள். அத்தனை ஜனங்களுக்கு நடுவில் முப்பத்தைந்து வயது மனுஷன் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"ரெண்டு பல்லு இல்ல" என்றாள் பெரியம்மா. "எழுதவே இல்லியே?"

அது எப்படிப் போயிற்று என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாங்கள் ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அண்ணன் எங்களை வேடிக்கை காட்டுகிற ஒரு இடத்துக்கு அழைத்துப் போனார். அதைப் 'பார்க்' என்றார்கள். உள்ளே ஒரு மரம் இல்லை, புல் இல்லை. நெல்லடிக்கிற களம் மாதிரி மிதிபட்ட தரை. மேலே சிவப்பும் பச்சையுமாக ஆயிரக்கணக்கில் விளக்கு. வாசலிலேயே பன்றிக் கொழுப்பு பொரிகிற வாசனை, சாக்கடை, பீர், வேர்வை எல்லாம் கலந்து மூக்கில் அடித்தது. பெரிய ராட்டினம் ஒன்று சுற்றியது. அதிலிருந்து இறங்கிய ஒரு சோல்ஜர் என் கால்மாட்டில் வாந்தி எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே மறுபடியும் ஏறப்போனான். ஒரு கூடாரத்தில் இரண்டு தலைக் கன்றுக்குட்டியைக் கண்ணாடி ஜாடிக்குள் மருந்தில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்றில் மூன்றடி உயர மனுஷர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசு கொடுத்தவர்கள் அவரைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்கினார்கள். அவர் ஒவ்வொரு தடவையும், தூக்கியவர் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவுக்கு அந்த இடம் சொர்க்கமாக இருந்தது. ஜாடியைச் சுரண்டினாள். தாடி வைத்த பொம்பளை ஒருத்தியின் தாடியை இழுத்துப் பார்த்து, "ஒட்டு!" என்று கத்தினாள். கூடாரக்காரன் எங்களை வெளியே தள்ளினான்.

"அம்மா, போதும்மா. வா, சாப்பிடலாம்" என்றார் அண்ணன். "உனக்குன்னே ஒரு ஓட்டல் இருக்கு" என்றும் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பார்க்கின் கோடியில் இருந்தது அந்த ஓட்டல். நீளமான கூடம். வெளிச்சம் குறைவு. சுவர் ஓரமாகப் பன்னிரண்டு பீடங்கள். ஒவ்வொன்றின் மேலும் தலையிலிருந்து கால் வரை பொன் வர்ணம் பூசிய ஒரு பெண் சிலை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தீட்டிய முகம், ஒரே மாதிரி உடுப்பு. இரண்டு கையிலும் ஒரு தட்டு, தட்டில் விளக்கு. பீடத்தில் எண் போட்டிருந்தது. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் மேஜையில் இல்லை. சிலைகளுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அண்ணன் விளக்கினார். "பன்னெண்டுல பதினொண்ணு மரம். ஒண்ணு மட்டும் உசுரோட இருக்கிற பொண்ணு. தினம் எடம் மாத்தி நிப்பா. எதுன்னு கண்டுபிடிச்சா அந்த மேஜைக்குச் சாப்பாடு இனாம்."

"தொடலாமா?" என்றாள் பெரியம்மா.

"தொடலாம். அதானே வெளையாட்டு. ஆனா ஒரு மேஜைக்கு ஒரே தடவைதான் பதில் சொல்லலாம். கையத் தூக்கி நம்பரைச் சொல்லிடணும். தப்பாப் போனா நம்ம வெளையாட்டு முடிஞ்சுது."

"அவ அசைஞ்சுட்டா?" என்று நான் கேட்டேன்.

"அசையக் கூடாது. அசைஞ்சோ, யாராவது கண்டுபிடிச்சோ மூணு தடவை ஆயிட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

எதிரில் ஒருவன் ஒரு சிலையின் மூக்குக்கு நேராகச் சிகரெட்டுப் புகையை ஊதினான். இன்னொருவன் வேறொன்றின் அக்குளில் முள்கரண்டியால் கீறிப் பார்த்தான். அது மரம். டக்கென்று சத்தம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் மேஜைக்குச் சாப்பாடு வந்தது. நடுவில் ஒரு சிவப்பு ஜெல்லி. பெண் முகம் மாதிரி அச்சில் வார்த்தது. மேஜை ஆடினால் அதன் கன்னங்கள் நடுங்கின.

பெரியம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பையை எடுத்துக்கினு வாடி" என்றாள்.

ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். விரல் முட்டியால் தட்டினாள், நகத்தால் கீறினாள். "மரம்." இரண்டு. "மரம்." அவள் அவசரமே படவில்லை. கோயிலில் சிலுவைப்பாதை செய்வதுபோல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். மூன்று. நாலு. "இதுவும் மரம்டி, நல்லாக் கடைஞ்சிருக்கான்."

நான் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் முன்னால் நடந்தேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடப்பது என் பழக்கம். அதனால் சிலைகளின் கால்கள்தான் எனக்குத் தெரிந்தன. ஒன்பதாவது சிலையின் கால் இரண்டாவது விரலில் ஒரு பள்ளம் இருந்தது. மெட்டி பல வருஷம் இருந்து கழற்றின பள்ளம். பொன் வர்ணம் அந்தப் பள்ளத்தில் வெடித்திருந்தது. எந்தத் தச்சன் அதைச் செதுக்குவான்?

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உதடு அசையாமல் தொண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, நீங்க தமிழா? சொல்லிடாதீங்கக்கா. ரெண்டு தடவை ஆயிடுச்சு. இன்னொரு தடவை ஆனா போச்சுக்கா."

பெரியம்மா ஐந்தாம் எண்ணுக்கு வந்திருந்தாள். இதுவரை நகம் போதுமாக இருந்தது. இப்போது பொறுமை போய், கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தினாள். ஐந்தின் முழங்கையில் குத்தினாள். ஊசி ஏறவில்லை. "மரம்."

இந்தப் பெண் உயிருள்ளவள் என்று நான் சொன்னால் அவள் பிழைப்பு போகும். சொல்லாமல் இருந்தால் இன்னும் நாலு பீடம் தள்ளி அந்த ஊசி அவள் உடம்பில் ஏறும். எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஒன்று தோன்றியது. ஒரு மேஜைக்கு ஒரே பதில். அந்தப் பதிலை நான் தப்பாகச் சொல்லிவிட்டால் பெரியம்மாவின் விளையாட்டு முடிந்துவிடும். மேலே போக அவளுக்கு வேலை இருக்காது.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கினதில்லை. "ஃபோர்!" என்று கத்தினேன். எலி கத்தின மாதிரி இருந்தது. கோட்டு போட்ட ஓட்டல்காரன் மணி அடித்தான். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. அவன் ஒரு குச்சியோடு வந்து நாலாம் எண்ணின் வயிற்றில் தட்டினான். டொக் டொக். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என்னைப் போல முக்காடு போட்டுக் காட்டினான். எனக்கு அவமானமாக இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஏண்டி, நாலு மரம்னு நான்தான் சொன்னேனே?" என்றாள் பெரியம்மா. கோபம்கூட இல்லை. ஆச்சரியம்தான்.

"தெரியாமச் சொல்லிட்டேன் பெரியம்மா. வாங்க, போய்ச் சாப்பிடலாம்."

அண்ணனும் வந்தார். "அம்மா, நம்ம முறை முடிஞ்சுபோச்சு. வாம்மா."

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு" என்றாள் பெரியம்மா. "எனக்குத் தெரிய வேணாமா?"

ஆறாம் எண்ணுக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து வருஷம் கூட இருந்தும் நான் அவளைத் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். இனாம் சாப்பாடு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. தேமல் இருக்கிற பெண் எந்த வீட்டுக்குப் போனால் அவளுக்கு என்ன? வாத்தியார் செத்தால் என்ன, பிழைத்தால் என்ன? விரலுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரிந்தபிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஆறு. ஏழு. எட்டு. நான் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். வயதானவளின் கை, பலமே இல்லாத கை. பிடிக்கவில்லை. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார்.

ஒன்பதில் முதல் குத்து முழங்கைக்கு மேலே. ஊசி ஏறியது. அந்தப் பெண் அசையவில்லை. பொன் வர்ணத்தின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு வந்து, கோடாகக் கீழே இறங்கியது. விளக்குச் சுடர்கூட ஆடவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். பெரியம்மா குனிந்தாள். "எம்மாம் அழுத்தக்காரி பாரு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, கால் பெருவிரல் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ஊக்கை ஏற்றினாள்.

"அம்மா!" என்று அந்தப் பெண் அலறினாள். தட்டு விழுந்தது. விளக்கு உடைந்து எண்ணெய் ஓடியது. கூடம் முழுக்கக் கைதட்டல்.

ஓட்டல்காரன் கோபப்படவில்லை. மணியை ஒருமுறை அடித்தான். தரையில் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு, மூன்று விரலைக் காட்டினான். பிறகு சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவைக் காட்டினான். அவள் பீடத்திலிருந்து ஒற்றைக் காலில் இறங்கினாள். நின்றபோது சிலை உயரம். இறங்கியதும் என் தோள் அளவுதான் இருந்தாள். என் பக்கமாகத்தான் போனாள். நின்றாள்.

"நீங்கதானேக்கா சொல்லிட்டீங்க?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்போதும் போலக் குரல் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியம்மா மேஜைக்குத் திரும்பி ஊக்கை மேஜைத் துணியில் துடைத்தாள். மறுபடி சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். "ஒம்பது. நீ நாலுன்னே" என்றாள் என்னிடம். பிறகு கரண்டியால் ஜெல்லியின் மூக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பழ ருசியா கீது" என்றாள். ஒரு கன்னத்தை வெட்டி என் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைத் தின்றேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனோம். பெரியம்மா ஒரு பட்டுத் துணியிலிருந்து நூல் ஒன்றை உருவினாள். கடைக்காரனிடம் தீப்பெட்டி வாங்கி நான் குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். முடி கருகுகிற நாற்றம் வந்தது. நிஜப் பட்டுதான் என்று சொல்லி மூன்று கஜம் வாங்கினாள்.